கிராம்பு என்றால் ஆணி

இடுப்பெலும்பு முறிந்து
டர்பனில் இறக்கிவிடப்பட்டவன் எலிசேயோ.
மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில்.
அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரியும்.
அவன் கப்பல் தெரியாது. அது போய்ப் பதினொரு நாள்.

இரவுப் பணி எனக்கு.
வலி மாத்திரைக்குத்தான் மணி அடித்தான் என்று போனால்
ரொட்டி கேட்டான். பழைய ரொட்டி.
அவனுடைய ஆங்கிலம் இரவல் சட்டை, தோளில் நிற்காது.
காய்ச்சல் அட்டையின் பின்பக்கம் ஒரு சட்டி வரைந்தான்:
அடியில் சோள அடை, மேலே ரொட்டி,
திராட்சை, வேர்க்கடலை, சீஸ்,
மறுபடி ரொட்டி.
பாகு ஊற்றுவதை மட்டும் வரையவில்லை,
பத்து விரலாலும் மழை பெய்து காட்டினான்.

புனித வெள்ளிக்கு அவன் ஊரில் செய்வார்களாம்.
ரொட்டி உடல். பாகு ரத்தம். பட்டை சிலுவை.
அடுத்ததற்குச் சொல் கிடைக்காமல்
உள்ளங்கையில் விரலை அழுத்தினான்.
ஊசி என்று நினைத்தேன், நர்ஸ் புத்தி.
பிறகு அட்டையின் ஓரத்தில்
சின்னதாக ஒரு கிராம்பு வந்தது.

முட்டை? என்றேன்.
விரதத்தில் முட்டையா என்பதுபோல் பார்த்தான்.
அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.
இசிப்பிங்கோவில் புனித வெள்ளி மாரியம்மனுக்கு.
துரைமார் கொடுத்த விடுமுறை அது ஒன்றுதான் என்று
கரும்புக்காட்டு ஆட்கள் அன்றைக்கே விழா எடுத்தார்களாம்.
அம்மனும் ஆட்சேபிக்கவில்லை.
பத்து நாளாக வீட்டில் கறி இல்லை.
குகனுக்குத் தாடி வளர்ந்திருக்கிறது, கோபமும்.

வியாழக்கிழமை,
ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றி விற்கும் கிஸ்தசாமியிடம்
நேற்று மிஞ்சியதைக் கேட்டேன்.
"கோழிக்கா?"
"மெக்சிகோவுக்கு."
காசு வாங்கவில்லை அவன்.

சோள அடைக்குப் பதில் இரவுச் சப்பாத்தி.
பொங்கலுக்கு வாங்கிய வெல்லம் கல்லாகிக் கிடந்தது,
குகனின் சுத்தியலால் உடைத்தேன்.
பாகு கொதித்ததும் பிரனேஷா மூக்கை நீட்டி
"பிரியாணி வாசம், அரிசியைக் காணோம்" என்றாள்.
செடார் துருவும்போது குகன் எழுந்தே போய்விட்டான்.
வெல்லத்தில் சீஸா? அம்மன் நாளில்?
வாசலில் நின்று தெருவைக் கேட்டான்.

எட்டு மணிக்கு மின்வெட்டு.
ஓவன் விளக்கு அணைந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால்
மேலே வெளுப்பு, நடுவில் சேறு.
நான் அழவில்லை, ஆனால் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.
கொல்லைப்பக்கம் தீக்குச்சி கிழிபட்டது.
பத்து நாளாக இறைச்சி காணாத அடுப்பிலிருந்து
கம்பியைக் கழற்றித் தூர எறிந்துவிட்டு
குகன் கரி மூட்டிக்கொண்டிருந்தான்.
இரும்புச் சட்டிக்கு மாற்றினோம்.
மூடிமேல் தணலை அவன்தான் அடுக்கினான்,
வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே.

வெள்ளி காலை அவன் கன்னத்தில் அலகு.
தினம் நாற்பது ஊசி போடுகிறவள் நான்,
அந்த ஒரு நிமிஷம் மட்டும்
எதிரே தேங்காய் விற்பவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு, டப்பாவைத் திறந்து எலிசேயோவிடம் நீட்டினேன்.
ஒரு வாய். வெகுநேரம் மென்றான்.
"இது இல்லை" என்றான்.
சீஸ் வேறு. ரொட்டி வேறு. புகை எப்படி வந்தது?
ஒவ்வொரு குற்றமாகச் சொல்லிக்கொண்டே
டப்பாவின் மூலைவரை சுரண்டினான்.
பல்லில் அகப்பட்ட கிராம்பை எடுத்து
காய்ச்சல் அட்டைமேல், இன்றைய தேதிக்குப் பக்கத்தில் வைத்தான்.
நான் அதைத் துடைக்கவில்லை.

காலை ஏழு மணிக்கு வீடு திரும்பினேன்.
சமையலறைத் தொட்டியருகே நின்றபடி
சட்டியில் கைவிட்டுக்கொண்டிருந்தான் குகன்,
அலகு குத்தாத கன்னத்தால் மென்றுகொண்டு.
சீஸை ஒதுக்கிவிட்டா என்றேன்.
இல்லை என்று தலையாட்டினான்.
வாய் நிறைய இருந்தது.